எண்பது வாங்கிய பல்

அன்பும் கொஞ்சம் அவசரமும் கலந்த அக்காவுக்கு,

உன் தங்கை மாடிப்படியில் உட்கார்ந்து, யாராவது ஏறி வந்தால் காகிதத்தை மறைக்க மடியில் ஒரு சட்டையை விரித்துப் போட்டுக்கொண்டு எழுதுவது. இங்கே அப்பா சுகம், அம்மா சுகம், என் வாயில் இருக்கும் மற்ற பற்கள் எல்லாம் சுகம். நீயும் மாமாவும் குட்டியும் அங்கே அதைவிட ஒரு படி மேலாகவே சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மேல்வரிசையில் முன்னால் இருக்கும் இடப்பக்கத்துப் பல் மட்டும் செத்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது சாகவில்லை அக்கா. உயிரோடுதான் இருக்கிறது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். வருகிற வியாழக்கிழமை அதில் ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் வழித்து எடுத்துவிட்டு, எதையோ வைத்து அடைக்கப் போகிறார்கள். அதற்குள் நீ டாக்டருக்குப் போன் பண்ணி அந்தப் பல்லைக் காப்பாற்ற வேண்டும். விஷயம் இவ்வளவுதான். மீதியை நீ நிதானமாகப் படித்துக்கொள். நான் நிதானமாக எழுதுவேன் என்று சொல்ல முடியாது. இந்த நாலு வரி எழுதுவதற்குள்ளேயே எழுந்து எழுந்து போய்க் கண்ணாடியில் பல்லைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று.

இதைப் போனிலேயே சொல்ல வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். கடைசியாக நீ பேசியபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பார். அம்மா போனை என் காதில் வைத்தாள். நீ, "ஹலோ, ஹலோ, அடியே ஊமைக்கோட்டான், இருக்கியா?" என்றாய். இருக்கிறேன் என்று சொன்னேன். நீ மறுபடியும் "ஹலோ" என்றாய். மறுபடியும் இருக்கிறேன் என்று சொன்னேன். "லைன் கட்டாயிடுச்சு போல" என்று வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதானே. தினமும் போனேன், தினமும் "உள்ளேன் ஐயா" சொன்னேன், வருஷக் கடைசியில் வருகை போதாது என்று பரீட்சை எழுத விடவில்லை. அப்பா போய் நியாயம் கேட்டபோது, வாத்தியார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது புதுசா சேர்ந்த பொண்ணா?" என்றார். நான் அந்த வருஷம் முழுக்க முதல் பெஞ்சில் அவருக்கு நேரே உட்கார்ந்திருந்தேன். அதோடு பள்ளிக்கூடம் போதும் என்று தையல் கடைக்குப் போய்விட்டேன். பொத்தான் தைப்பதற்கும் அது நுழையும் காஜா ஓட்டை போடுவதற்கும் பேச வேண்டியதில்லை.

ஆனால் பல்லுக்கு அடிபட்டதும் இந்தக் குரலால்தான். கடையில் மாஸ்டர் கீழே இருந்து கூப்பிட்டால், மேலே இருப்பவர்கள் "இதோ மாஸ்டர்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். என் குரல் கீழே போய்ச் சேராது. ஆகையால் அவர் கூப்பிட்டதும் நான் படியில் பாதி தூரம் இறங்கி முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப ஏறுவது வழக்கம். அன்றைக்கு நான் துணி தேய்க்கும் பலகையை மடித்துத் தூக்கிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டார். பலகையோடு ஓடினேன். பலகையின் ஒரு முனை கைப்பிடிச் சுவரில் இடித்தது, மறுமுனை என் பல்லில் இடித்தது. மாஸ்டர் கூப்பிட்டது எதற்கு என்றால், மேலே யாராவது இருக்கிறார்களா, விளக்கை அணைக்கலாமா என்று கேட்க. அன்றைக்குக் கொஞ்சம் ரத்தம் வந்தது, கொஞ்சம் ஆடியது, அப்புறம் ஆட்டம் நின்றுவிட்டது. நானும் மறந்துவிட்டேன். இரண்டு மாதம் போன பிறகு ஒருநாள் அம்மா என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, "என்னடி இது, இந்தப் பல்லு மட்டும் சாம்பலா இருக்கு?" என்றாள். அப்பா ஓடி வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு பழக்க தோஷத்தில் சட்டைப் பையிலிருந்து கரண்ட் பார்க்கும் டெஸ்டரை உருவினார். அம்மா, "அது பல்லுங்க, பிளக் பாயிண்ட் இல்ல" என்று அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அப்பாவும் கூடவே வந்தார், சட்டைப் பையில் கறுப்பு டேப்போடு. அந்த டேப்பை நீ நினைவில் வைத்துக்கொள். அம்மா டெஸ்டரைப் பிடுங்கியபோது அதையும் பிடுங்கியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

டாக்டர் நல்ல மனிதர் அக்கா. அவர் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பெரிய கண்ணாடி, சின்னக் குரல், வேலை செய்யும்போது மூக்கால் ஏதோ பாட்டை இழுத்துக்கொண்டே இருப்பார். முதலில் படம் எடுத்தார். படத்தில் ஒன்றும் தெரியவில்லை, இவ்வளவு சீக்கிரம் தெரியவும் தெரியாது என்றார். பிறகு சுவரில் தொங்கிய பெரிய பல் படத்தைக் காட்டிச் சொன்னார்: "பல்லுன்னா வெறும் கல்லு இல்லம்மா. இதோ, நடுவுல சிவப்பா இருக்கு பாருங்க, இதுதான் பற்கூழ். நரம்பு, ரத்தம் எல்லாம் இதுக்குள்ளதான். அடி பட்டா சில சமயம் இது செத்துப் போயிடும். வெளியிலேர்ந்து கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. கூப்பிட்டுப் பார்க்கணும். பதில் சொல்லுதான்னு பார்க்கணும்." கூப்பிட்டால் பதில் சொல்வது என்கிற காரியம் எனக்கும் என்னைச் சேர்ந்த எதற்கும் சரிப்பட்டு வராது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியின் காம்பால் பல்லை லேசாகத் தட்டினார். அப்பா ஆவலோடு, "உயிர் இருக்குதா டாக்டர்?" என்றார். "இது உயிரைப் பார்க்க இல்லைங்க, வேரைச் சுத்தி வீக்கம் இருக்கான்னு பார்க்க" என்றார் டாக்டர். அப்பா, "அது சரி, பேரிங் வேற, காயில் வேற" என்று அம்மாவுக்கு விளக்கினார். மோட்டார் ரிப்பேர்க்காரர் அல்லவா, எல்லாம் அவருக்கு மோட்டார்தான். அடுத்தது குளிர். ஒரு குட்டிப் பஞ்சில் எதையோ பீய்ச்சினார். பஞ்சு பனி பிடித்து வெள்ளையாகிவிட்டது. "முதல்ல பக்கத்துல இருக்கிற நல்ல பல்லு. அது எப்படின்னு தெரிஞ்சாத்தானே அடிபட்டது எப்படின்னு சொல்ல முடியும்? சில்லுன்னு தெரிஞ்ச உடனே கையைத் தூக்கு, என்ன?" என்றார். நான் தலையாட்டினேன். பஞ்சு பட்டதோ இல்லையோ, என் கை என்னைக் கேட்காமலே எழும்பி, டாக்டரின் கண்ணாடியைத் தட்டிவிட்டது. கண்ணாடி அவருடைய ஒரு காதில் தொங்கியது. டாக்டர், "சபாஷ், இது உயிரோட இருக்கு" என்று சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார். அம்மாவுக்குத்தான் மானம் போய்விட்டது. "டாக்டர் மூஞ்சியில கை நீட்டுறியே, அறிவிருக்கா?" என்று காதோடு சொல்லிவிட்டு, நாற்காலிப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் இரண்டு கையையும் தன் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் பிடி உனக்குத் தெரியும். சின்ன வயதில் நமக்கு எண்ணெய் வைத்துத் தலை வாருவாளே, அதே பிடி. டாக்டர் பார்த்துவிட்டு, "அம்மா கையைப் பிடிச்சுக்கட்டும், பிள்ளைக்குத் தைரியமா இருக்கும்" என்றார். இப்போது அடிபட்ட பல். பஞ்சு பட்டது. கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது அக்கா, ஆனால் வந்தது. உச்சந்தலை வரை ஒரு கம்பி ஓடியது போல வந்தது. கையைத் தூக்கப் பார்த்தேன். அம்மா இன்னும் அழுத்தினாள். விரலைத் தூக்கப் பார்த்தேன். விரலையும் மடக்கினாள். வாயில் இரண்டு பக்கமும் பஞ்சுருட்டு, நாக்குக்கு அடியில் உறிஞ்சு குழாய். நான் "ஆங்" என்றது உறிஞ்சு குழாயின் "ஆங்" சத்தத்தோடு கலந்துவிட்டது. "ஒண்ணும் தெரியலையா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா எனக்காகப் பெருமையோடு பதில் சொன்னாள்: "ஒண்ணும் தெரியல டாக்டர். பாருங்க, எவ்வளவு அடக்கமா இருக்கா."

சரி, இத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. டாக்டர் பொறுப்பானவர், ஒரு சோதனையை மட்டும் நம்பி முடிவு பண்ண மாட்டேன் என்று மின்சார மிஷினை எடுத்தார். பேனா மாதிரி ஒரு கம்பி, அதோடு எண் ஓடும் ஒரு குட்டிப் பெட்டி. பல்லைத் துடைத்துக் காய வைத்து, நுனியில் கொஞ்சம் பசை தொட்டு, பல்லில் வைப்பார். டாக்டர் கையில் ரப்பர் உறை இருப்பதால், கம்பியின் கறுப்பு உலோகப் பிடியை நான் விரலால் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் மின்சாரம் சுற்றி வரும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பல்லில் குறுகுறுவென்று தெரிந்த உடனே நான் விரலை எடுத்துவிட வேண்டும். எடுத்தால் தானாக நின்றுவிடும். அக்கா, இதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? கையைத் தூக்க வேண்டாம், வாயைத் திறந்து சொல்ல வேண்டாம், சும்மா விரலை எடுத்தால் போதும். என்னை மாதிரி ஆளுக்கென்றே யாரோ யோசித்துச் செய்த மிஷின். நல்ல பல்லில் முதலில் வைத்தார். எண் ஓடியது. இருபத்து நாலில் எறும்பு கடித்த மாதிரி இருந்தது. விரலை எடுத்தேன். எடுத்ததோடு கொஞ்சம் துள்ளியும் விட்டேன் போலிருக்கிறது. அங்கேதான் அப்பா முகம் மாறியது.

வாழ்க்கை முழுக்க ஷாக் அடித்துப் பழகியவர், மகளுக்கு அடித்ததைப் பார்த்ததில்லை. டாக்டர் பசை எடுக்கத் திரும்பினார். அம்மா கைப்பையைத் தேடிக் குனிந்திருந்தாள். அப்பா ஒரே எட்டில் வந்து, தட்டில் இருந்த அந்தக் கம்பியின் பிடியில், சரியாக நான் விரல் வைக்கும் இடத்தில், கறுப்பு டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். ஓடுகிற லைனிலேயே டேப் சுற்றுகிற கை அது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. "இப்ப பயப்படாம பிடிச்சுக்கடா, ஒண்ணும் பண்ணாது" என்று கிசுகிசுத்து, கண்ணைச் சிமிட்டிவிட்டு, சுவரோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஒன்றும் பண்ணவில்லை. டாக்டர் கம்பியை எடுத்து அடிபட்ட பல்லில் வைத்தார். கறுப்புப் பிடியில் கறுப்பு டேப், அவருக்கு எப்படித் தெரியும்? எண் ஓடியது. இருபது, முப்பது, நாற்பது. என் விரலுக்கும் உலோகத்துக்கும் நடுவில் அப்பாவின் பாசம் உட்கார்ந்திருந்தது. அறுபது, எழுபது. டாக்டர் மூக்கால் இழுத்துக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டார். எண்பதில் போய் நின்றது.

"எண்பது!" என்றார் அப்பா, சுவரோரத்திலிருந்து.

"நூத்துக்கா டாக்டர்?" என்றாள் அம்மா.

"இல்லைங்க, இதுல எண்பதுதான் கடைசி" என்றார் டாக்டர்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் எதிலும் எண்பது வாங்கி அவள் பார்த்ததில்லை. அதுவும் எண்பதுக்கு எண்பது. டாக்டர் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்: "மிஷின் குடுக்கிறது அவ்வளவும் குடுத்தாச்சு. பதிலே இல்ல. குளிருக்கும் பதில் இல்ல. நிறமும் மாறியிருக்கு. பல்லு செத்துப்போச்சுன்னுதான் தோணுது. ரூட் கெனால் பண்ணிடலாம்." அம்மா, "அதிகமா வாங்கினா செத்துப்போச்சுன்னு அர்த்தமா? இது என்ன டாக்டர் பரீட்சை?" என்று கேட்டாள். இந்தக் களேபரத்தில் அப்பா நைசாக வந்து டேப்பை உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டாக்டர் என்னைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்ற? ஏதாவது தெரிஞ்சதா?" என்று கேட்டார். பார், அவர் என்னைத்தான் கேட்டார். நான் பதில் சொன்னேன். "குளிருக்குத் தெரிஞ்சது டாக்டர்" என்று சொன்னேன். அந்த நேரம் பார்த்து அடுத்த அறையில் காற்று அடைக்கும் மோட்டார் ஓடத் தொடங்கியது. அப்பா அந்தப் பக்கம் காதைக் கொடுத்து, "பெல்ட்டு தேஞ்சிருக்கு, சத்தம் சொல்லுது பாருங்க" என்றார். டாக்டர் அப்படியா என்று அவர் பக்கம் திரும்பிவிட்டார். வியாழக்கிழமை என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னால் நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. ஒருவேளை டாக்டர் சொன்னதுதான் சரியோ, எனக்குத்தான் பிரமையோ என்று நானே சோதித்துப் பார்க்கிறேன். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி நல்ல பல்லில் வைக்கிறேன், கூசுகிறது. அடிபட்டதில் வைக்கிறேன், ஒரு மூச்சு விடும் நேரம் யோசித்துவிட்டு அதுவும் கூசுகிறது. வெந்நீரில் முக்கிய கரண்டியை வைத்துப் பார்த்தேன், அதுவும் தெரிகிறது. மறுபடியும் ஐஸ். அம்மா, "ஐஸ் டிரேயில ஐஸே தங்க மாட்டேங்குது, வீட்டுல என்ன நடக்குது?" என்று ஃபிரிட்ஜோடு சண்டை போடுகிறாள். கடையிலும் நிலைகொள்ளவில்லை. நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு பக்கமும் காஜா போட்டுவிட்டேன். மாஸ்டர் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, "இதை எப்படிம்மா மாட்டுறது? கயிறு போட்டுக் கட்டிக்கச் சொல்லவா?" என்றார். நான் பதில் சொன்னேன். அவர், "பேசாம நின்னா என்ன அர்த்தம்?" என்றார்.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன் அக்கா. "அம்மா, அன்னைக்கு நீ என் கையைப் பிடிச்சிருந்தியே" என்று ஆரம்பித்தேன். அதுவரைதான் அவளுக்குக் கேட்டது. உடனே அவள், "ஆமா, பிடிக்காம விட்டிருந்தா அந்த மனுஷன் கண்ணாடி போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுத் துணி காயப் போடப் போய்விட்டாள். அப்பாவிடம் சொல்லலாம் என்று பட்டறைக்குப் போனேன். அவர் ஒரு மோட்டாரைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பக்கத்தில் உட்கார வைத்து, "அன்னைக்கு அப்பா மட்டும் கூட வரலைன்னா எண்பது வரைக்கும் உனக்கு ஷாக் அடிச்சிருக்கும்டா. அம்மாகிட்ட சொல்லாத, திட்டுவா" என்றார். உன் கல்யாணத்துக்குப் பிறகு அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. எப்படிச் சொல்வேன்? 'நீங்கள் காப்பாற்றியதால்தான் பல் செத்துப்போனது' என்று எந்தப் பிள்ளை சொல்லும்? ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியும் பார்த்தேன். முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் எடுத்தாள். "ஹலோ, யாருங்க? ஹலோ?" என்றாள். பிறகு பக்கத்தில் யாரிடமோ, "யாரோ மூச்சு மட்டும் விடுறாங்க டாக்டர், பயமா இருக்கு" என்றாள். எனக்கே பயமாக இருந்தது, வைத்துவிட்டேன்.

ஆகையால் அக்கா, உன் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும்; அதைக் கொஞ்சம் எனக்குக் கடன் கொடு. இத்துடன் ஆஸ்பத்திரி நம்பர் எழுதியிருக்கிறேன். போன் பண்ணி, 'என் தங்கச்சி பல் உயிரோடு இருக்கிறது, இன்னொரு தடவை சோதித்துப் பாருங்கள்' என்று மட்டும் சொல். எப்படித் தெரியும் என்று கேட்டால், கூடப்பிறந்தவளுக்குத் தெரியாதா என்று அதட்டு. டேப்பைப் பற்றி மூச்சு விடாதே; அப்பாவின் தொழிலுக்கே அவமானம். அம்மா கையைப் பிடித்ததையும் சொல்லாதே. நான் எழுதினேன் என்றும் சொல்லாதே. சுருக்கமாக, யாரையும் எதையும் சொல்லாமல் பல்லை மட்டும் காப்பாற்று. அந்தப் பல் ஒன்றும் அழகில்லை, எனக்குத் தெரியும். கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் கோணல். ஆனால் கூப்பிட்டபோது அது பதில் சொன்னது. சொல்லியும் செத்துப்போனதாக எழுதிக்கொண்டால் அது எங்கே போய் முறையிடும்?

மாமாவுக்கு என் பணிவான வணக்கத்தைச் சொல். குட்டியின் கன்னத்தில், இந்தப் பல் படாமல் பார்த்து, எனக்காக ஒரு முத்தம் கொடு. அவனுக்கு முளைக்கும் பற்களெல்லாம் உரக்கப் பேசும் பற்களாக முளைக்கட்டும். நீ உடம்பைப் பார்த்துக்கொள், தொண்டையையும் பார்த்துக்கொள், வியாழக்கிழமைக்கு முன்னால் அது தேவைப்படும்.

இப்படிக்கு,
உயிருள்ள பல்லோடு,
உன் ஊமைக்கோட்டான்

பி.கு.: அக்கா, மேலே எழுதிய எதையும் செய்யாதே. யாருக்கும் போன் பண்ணாதே. தொண்டையை வேறு எதற்காவது வைத்துக்கொள்.

கடிதத்தை மடித்து உறையில் போட்ட பிறகும் எனக்குக் கால் நிற்கவில்லை. இது உன் கைக்கு வந்து, நீ வேலையெல்லாம் முடித்துப் பிரிப்பதற்குள் வியாழக்கிழமை தாண்டிவிட்டால்? இன்று காலை அப்பா குளிக்கப் போனார். போன் சார்ஜில் கிடந்தது. சீட்டைப் பார்த்து நம்பரை அழுத்தினேன். "ஹலோ" என்று ஓர் ஆண் குரல். டாக்டரே எடுத்துவிட்டார் என்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் தோன்றியது, எனக்குப் பேசத்தானே வராது, படிக்க வருமே என்று. உறையைக் கிழித்து இந்தக் கடிதத்தை எடுத்து, பள்ளிக்கூடம் போன நாளை விட்டுவிட்டு, பலகை இடித்த இடத்திலிருந்து மடமடவென்று படிக்கத் தொடங்கினேன். அந்தப் பக்கம் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் யாரையோ, "அந்த ஃபேனை நிறுத்து, இங்க ஒரு பொண்ணு பல்லைப் பத்திச் சொல்லிட்டிருக்கு" என்று அதட்டினார். டேப் வந்ததும் "அடப்பாவமே" என்றார். எண்பது வந்ததும் உச்சுக் கொட்டினார். கடைசி வரி வரை கேட்டார். பிறகு சொன்னார்:

"பாப்பா, நீ சொன்னது ஒரு வார்த்தை விடாம தெளிவா கேட்டுச்சு. ஆனா இது மெத்தைக் கடைம்மா."

நான் போனை வைத்துவிட்டுப் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அதற்குள் போன் திரும்ப அடித்தது. அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து எடுத்தார். "ஹலோ... மெத்தையா? மெத்தை எல்லாம் இருக்குங்க, வேணாம்... என்ன பல்லு?... ஆமா, என் பொண்ணுதான்... என்ன டேப்பு?" துண்டு தோளிலிருந்து நழுவி விழுந்தது, எடுக்கவில்லை. கடைசியில், "போன் பண்ணிச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க" என்று வைத்தார். பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பிடியாடா சர்க்யூட்டை முடிக்கிறது?"

"ஆமாம்பா."

"அதுல போய் நான் டேப்பைச் சுத்தினேனா?"

"ஆமாம்பா."

"பட்டறைக்குப் புதுசா வர்றவன்கூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டானே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு குரல் இறங்கி, "நீ ஏன்டா சொல்லல?" என்றார்.

"சொல்லத்தான் வந்தேன்பா. நீங்க சந்தோஷமா இருந்தீங்க."

இது அவருக்குக் கேட்டது அக்கா. கேட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. தலைகூடச் சீவாமல் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மா விஷயம் புரியாமலே கைப்பையோடு ஓடி வந்தாள். வழியெல்லாம் அவளுக்கு விளக்கியதில் அப்பா வாங்கிய திட்டை இங்கே எழுதினால் காகிதம் போதாது. அதோடு தான் கையைப் பிடித்த கதையும் வெளிவந்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அப்பா டாக்டரின் மேஜை மேல் டேப்பை, திருடிய பொருளைத் திருப்பித் தருவது மாதிரி வைத்துவிட்டு, "தப்பு என் மேல டாக்டர். லைன்ல ஒண்ணும் இல்ல, கனெக்‌ஷனை நான்தான் கட் பண்ணிட்டேன்" என்றார். டாக்டர் டேப்பைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, "உயிருள்ள பல்லுல ஓட்டை போட்டிருப்பேனே" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். எழுந்து அப்பாவையும் அம்மாவையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். இரண்டு பேரும் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

குளிர்ப் பஞ்சுக்குக் கை எழும்பியது. டாக்டர் இந்தத் தடவை முன்னெச்சரிக்கையாகத் தள்ளியே இருந்தார். மிஷினில் முப்பத்தெட்டில் விரலை எடுத்தேன். "பக்கத்துப் பல்லைவிடக் கொஞ்சம் மந்தம்தான். ஆனா உயிர் இருக்கு. அடிபட்டது தேறி வர நாளாகும், நிறம்கூடத் திரும்பலாம். வியாழக்கிழமை ஒண்ணும் வேணாம். அடுத்த மாசம் வா, மறுபடியும் பார்ப்போம்" என்றார். பிறகு, "குளிர் பட்டப்போ எப்படி இருந்துச்சு? நீயே சொல்லு" என்றார். நான் சொன்னேன். முதலில் ஒன்றுமில்லாமல் இருந்தது, அப்புறம் ஊசி மாதிரி ஏறியது, பஞ்சை எடுத்ததும் உடனே நின்றுவிட்டது, வீட்டில் ஐஸ் வைத்தபோதும் அப்படித்தான், வெந்நீர்க் கரண்டிக்குக் கொஞ்சம் வேறு மாதிரி என்று எல்லாவற்றையும் சொன்னேன். கதவுக்கு வெளியே அம்மா அப்பாவை இடித்து, "என்னங்க, அவ பாட்டுக்குப் பேசிட்டே இருக்கா" என்பது உள்ளே கேட்டது. டாக்டர், இனிமேல் வீட்டில் ஐஸ், கரண்டி எதுவும் கூடாது என்று கண்டித்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், விட்டுவிட்டுப் போன போனில் மெத்தைக் கடைக்காரர் மறுபடியும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மெசேஜும் போட்டிருக்கிறார். என்ன ஆச்சு என்று தெரியாமல் அவருக்கு வியாபாரத்தில் மனசே ஓடவில்லையாம். அப்பா அவர் நம்பரை அழுத்தி, "நீயே சொல்லிடுடா" என்று போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. இத்துடன் நிறுத்துகிறேன் அக்கா. இந்தத் தடவை படிப்பதற்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை.